இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில்

பையோடு போன முதல் நாள்

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்து ஒரு தெருவே வளைத்துக்கொண்டது. தப்பு அவர்கள்மேல் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், சவரம் செய்யாத முகம், தோளில் சாக்கு மாதிரி ஒரு பை. அந்தக் கோலத்தில் வீடு வீடாகப் போய், "மூணு வயசுலருந்து ஆறு வயசுக்குள்ள பிள்ளைக யாரும் இருக்கா?" என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? பிள்ளை பிடிக்கிற கும்பல் வருகிறது என்று அந்த வாரம்தான் எல்லாருடைய போனிலும் ஒரு வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கும் வந்திருந்தது. நானே அதை நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன்.

"பையில என்னய்யா வச்சிருக்க?" என்றார் ஒரு அம்மாள்.

திறந்து காட்டினேன். மேலாக இருந்தது ஒரு துணிப் பொம்மை. அதற்குக் கீழே மிட்டாய் நிறத்தில் பிளாஸ்டிக் வளையங்கள்.

"இதக் காட்டித்தான் கூட்டிட்டுப் போவாய்ங்களாம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

அப்போது எதிர் வீட்டு வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஏலே! கைய எடுலே!" தெருவில் படுத்திருந்த நாய்கூட எழுந்து நின்றுவிட்டது. வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில், அதில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஆள்.

"நம்ம மண்டியில தாரு ஏத்துன அண்ணன்லே அது! அதப் பாத்தா பிள்ள பிடிக்கிற மூஞ்சியாவா இருக்கு? வாழத்தாரயே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது அந்தாளுக்கு!"

அவமானம்தான். ஆனால் காலரை விட்டுவிட்டார்கள். அந்த ஆள் பெயர் சிவனாண்டி. சின்னமனூர்ப் பக்கம் ஒரு வாழைத்தார் கமிஷன் மண்டியில் ஏலம் போடுகிறவர். அதே மண்டியில் நான் கொஞ்ச காலம் லோடுமேனாக இருந்தேன். தார் பிடித்த விஷயம் அவர் சொன்னது உண்மைதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனராகப் போனேன். குமுளியில் புரோட்டா போட்டேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரித்தேன், திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தேன். சில இடத்தில் சாப்பாடு கிடைக்கும், சில இடத்தில் படுக்க இடம் கிடைக்கும். இரண்டும் கிடைத்த இடத்தில் எனக்குக் கால் தரிக்காது. கடைசியாகத் தேனியில், சின்னப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிற ஒரு அறக்கட்டளையில், கிட் என்று சொல்லும் சாமான் பைகளை ஆட்டோவில் ஏற்றி இறக்கும் வேலை. அங்கே ஃபீல்டு ஒர்க்கராக இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டது. "அண்ணே, ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க போயிட்டு வாங்களேன்" என்றார் அதை நடத்துகிற மேடம். ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோம் விசிட் என்றால் நாம் போய்ப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பதில்லை. அந்த வீட்டில் பிள்ளையோடு இருக்கிறவர் யாரோ, அவரை எடுக்க வைப்பது. பொத்தான் போடுவது, தட்டுக் கழுவுவது, பூண்டு உரிப்பது, பிறகு எழுத்து. எல்லாம் வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்தே. கேட்கச் சுலபமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, சிவனாண்டி வீட்டுக்குள் போகிறவரை.

கட்டிலைச் சுற்றி ஒரு வீடு

சிவனாண்டிக்குக் கால் உடைந்தது தை மாத முகூர்த்தச் சமயத்தில். மண்டியில் ஸ்டூல்மேல் நின்று ஏலம் போடும்போது பின்னால் ஒரு அடி வைத்தார்; ஸ்டூல் அங்கே முடிந்துவிட்டது. பார்க்க வந்த எல்லாரும், "பழத்தோல்ல வழுக்கிட்டியாப்பா?" என்றுதான் கேட்டார்கள். காலைவிட அந்தக் கேள்விதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

அவர் மனைவி பாண்டீஸ்வரி. புருஷன் கட்டிலில் விழுந்த பிறகு வீட்டை ஓட்டுகிறவர் அவர்தான். விடியும் முன்னால் ஜீப் ஏறி, மலை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார். மகள் தர்ஷிகாவுக்கு ஐந்து வயது. மதியம் வரை அங்கன்வாடி, மற்ற நேரமெல்லாம் அப்பாவோடு.

அந்தக் கட்டிலைச் சுற்றிக் கை எட்டும் தூரத்தில் சிவனாண்டி ஒரு வீட்டையே வைத்திருந்தார். தண்ணீர்ச் செம்பு, சீப்பு, எண்ணெய், பிள்ளையின் தட்டு, துண்டு, பவுடர் டப்பா. பிள்ளை வந்து நின்று, "அப்பா, பொத்தான்" என்று நெஞ்சைக் காட்டும். அவர் போட்டுவிடுவார். காலை நீட்டும். செருப்பு மாட்டிவிடுவார். வாயைத் திறக்கும். சோறு போகும். சாப்பிட்டு முடித்ததும் கையை நீட்டும். கட்டிலில் சாய்ந்தபடியே செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தும் விடுவார். கால் உடைந்தவர் யார், நல்ல காலோடு இருப்பது யார் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

நான் கிட்டைத் திறந்து எழுத்து அட்டையை எடுத்தேன். பாதிதான் வெளியே வந்திருக்கும்.

"ம! மரம்! மயிலு! மலை!" என்றார் சிவனாண்டி.

"தம்பி, பாப்பா சொல்லணும்."

"சரிண்ணே, சரிண்ணே. ஆத்தா, சொல்லுடா. ம."

அடுத்த அட்டையை அவருக்கு முதுகு காட்டிப் பிள்ளைக்கு மட்டும் தெரியும்படி பிடித்தேன். வெயில் அடித்தது, அட்டை மெல்லிசு. பின்பக்கமாகவே படித்துவிட்டார்.

"ப!"

"ஏன் தம்பி, அதச் சொல்ல விடலாம்ல?"

"நான் என்ன அது வாயவா பொத்துனேன்? அதுதான் சொல்லலையேண்ணே."

பிள்ளையைப் பார்த்தேன். அது அப்பாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. "எங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்றது என்னிடம். மந்தமான பிள்ளை இல்லை அது. அதன் பக்கத்தில் ஒரு ஆள் இப்படி ஓடிக்கொண்டிருந்தால் அது ஏன் நடக்கப்போகிறது?

பாண்டீஸ்வரி வைத்த கெடு

ஒரு சாயங்காலம் பாண்டீஸ்வரி வருகிறவரை காத்திருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவர் தலைத்துண்டை அவிழ்க்கவில்லை. அதற்குள் பிள்ளை ஓடிப்போய்க் காலை நீட்டியது, செருப்பைக் கழற்றிவிட. அவர் செருப்பையும் பார்த்தார், கட்டிலையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, எம் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கத்தான வர்றீங்க?"

"ஆமாம்மா."

"அதுக்குச் சொல்லிக்குடுக்க வேணாம். இந்தாக் கெடக்காகல்ல, இவுகளுக்குச் சொல்லிக்குடுங்க."

"நான் என்ன பண்ணேன்?" என்றார் சிவனாண்டி.

"நீங்க பண்ணாதது என்ன? எல்லாத்தையும் நீங்களே பண்ணிட்டா பிள்ளை எதப் பண்ணும்? நாளைக்கு ஒண்ணாப்புல டீச்சரு எழுத்தக் கேட்டா, பொறுங்க டீச்சர், வீட்ல போயி எங்கப்பாவக் கூட்டியாறேன்னா சொல்லும்?"

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருவார். திரும்பிப் போகும்போது தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். "அங்கன அவுக பிள்ளைக ரெண்டும் தானாக் குளிச்சு, தானாச் சாப்ட்டு, தமிழு இங்கிலீசு ரெண்டும் வாசிக்குதுக. நான் மலைக்குப் போகாம இருக்க முடியாதுண்ணே. இவுக எந்திரிக்க முடியாது. எனக்கு மட்டும் பிள்ளைய அனுப்பணும்னு ஆசையா?"

சிவனாண்டி பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவர் கை பிள்ளையின் தலையில் இருந்தது.

"பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்றார் மெதுவாக.

"அப்பிடின்னா இப்பிடிச் செய்வோம். திருவிழாவுக்குள்ள அது சொந்தமா நாலு வார்த்த வாசிக்கட்டும். அது வேலைய அது பாக்கட்டும். எங்கண்ணன் முன்னாடி நின்னு காட்டட்டும். நானே வேணாம்னு சொல்லிருறேன்."

பேச்சு அதோடு முடிந்தது. அதற்குமுன் எந்தப் பிள்ளைக்காகவும் நான் இவ்வளவு கவலைப்பட்டதில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பத்து எண்ணச் சொன்னால்

மேடத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இதுக்குப் பேரு வெயிட் டைம். அட்டையக் காட்டிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் அப்பா வாயத் திறக்கக் கூடாது. பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேணும்ல?"

அருமையான யோசனை. மறுநாள் சொன்னேன். சிவனாண்டி தலையாட்டிக்கொண்டார். அட்டையைக் காட்டினேன்.

"ஒண்ணுரெண்டுமூணுநாலஞ்சாறேழெட்டொம்பதுபத்து, த!"

ஒரே மூச்சு. நிறுத்தாமல் விலை சொல்லிப் பழகிய வாய் அது. அவர் எண்ணிய பத்தில் ஒரு ஈகூட இடம் மாறி உட்கார்ந்திருக்க முடியாது.

அடுத்து, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இது என் சொந்த யோசனை. மூன்று அட்டைவரை தாக்குப்பிடித்தார். நான்காவது அட்டையில் பிள்ளை வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனது. பாவம், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் முழுவதும் என் சட்டையில்.

துண்டை வாயில் கட்டிப் பார்த்தோம். அட்டையைக் காட்டியதும் துண்டுக்குள்ளிருந்து "ம்ம்ம்!" என்று சத்தம். பிள்ளை உடனே "ம!" என்றது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதுவும் "ம"தான். துண்டை அவிழ்த்துவிட்டேன்.

பொத்தான் விஷயத்தில் இன்னும் மோசம். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொன்னேன். பிள்ளை சட்டையோடு மல்லுக்கு நின்றது. ஒரு பொத்தான் ஓட்டைக்குள் பாதி போய்த் திரும்பி வரும். மறுபடி போகும், மறுபடி வரும். சிவனாண்டிக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணே, எலும்பு ஒடஞ்சன்னிக்குக்கூட எனக்கு இப்பிடி வலிக்கலண்ணே."

"பொறு தம்பி."

"இத்தத் தள்ளுனாப் போதும்ணே. ஒரே ஒரு விரலு."

நான் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாசி இப்படியே போய்விட்டது.

சும்மா நிற்கிற வேலை

வேலை நடக்காத ஒரு நாள் நான் கிட்டைத் திறக்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மண்டிக் கதை பேசிக்கொண்டிருந்தோம். ஓணம் சீசனில் கேரள வியாபாரிகள் வந்து குவிந்ததையும், இவர் "நல்ல சரக்காணு சேட்டா" என்று அவர்கள் பாஷையிலேயே இழுத்ததையும் சொல்லிச் சிரித்தார். அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மண்டியில் தார் சுமந்துகொண்டு நிற்கும்போது நான் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் நாள் முழுக்கக் கத்துவார். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கல் மாதிரி நிற்பார்.

"தம்பி, ஒரு தரம் சொல்லுவ. ரெண்டு தரம் சொல்லுவ. உடனே மூணு தரம் சொல்ல மாட்டியே. நடுவுல என்ன பண்ணுவ?"

"சும்மா நிப்பேன்."

"ஏன்?"

"என்னண்ணே இப்பிடிக் கேக்குறீங்க? அங்கனதான வெலையே இருக்கு! நான் வாயத் தொறந்தா அம்புட்டும் போச்சு. சும்மா நின்னு ஒவ்வொருத்தன் மூஞ்சியாப் பாக்கணும். கேக்கலாமா வேணாமான்னு உள்ளுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பான். தொண்ட அசையும். நாம அசையக் கூடாது. அவனா வாயத் தொறந்து..."

பாதியிலேயே திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார். அது மண்ணில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இந்த வேலையில் நான் சரியாகச் செய்த காரியம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

"அண்ணே, அந்தச் சீட்ட எடுங்க" என்றார்.

அட்டைக்கட்டைக் கொடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார், தொண்டையைக் கனைத்தார்.

"வாங்க வாங்க, மலையடிவாரச் சரக்கு, புதுச் சரக்கு! இந்தா நிக்குது, யாரு எடுக்குறது? ஒரு தரம்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பிள்ளை குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தது.

"ரெண்டு தரம்!"

அதோடு நின்றார். மண்டியில் நிற்பாரே, அதே நிலை. கண் மட்டும் பிள்ளையின் முகத்தில். நான் பத்து எண்ணினேன், ஒழுங்காக, மெதுவாக. பத்தும் தாண்டியது. பிள்ளையின் தொண்டை அசைந்தது.

"ட" என்றது.

"மூணு தரம்! ஆத்தாவுக்கே!" அட்டையைத் தூக்கி அதன் கையில் கொடுத்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் மூக்கைத் துடைத்தார். பங்குனி வெயிலில் அவருக்கு ஜலதோஷம் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாமே ஏலம்தான். தலை சீவுவது ஏலம். தட்டுக் கழுவுவது ஏலம். தப்பாகச் சொன்னால் திட்டு இல்லை, "சரக்கு திரும்ப மண்டிக்கே போகுது" என்று அட்டை கட்டுக்குள் போய்விடும். பிள்ளைக்கு அது பொறுக்காது. அடுத்த முறை எடுத்தே தீரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தன. முதல் நாள் என்னிடம் பையில் என்ன என்று கேட்ட அந்த அம்மாளே தன் பேரனைக் கொண்டுவந்து விட்டார். "பிடிச்சுக்கங்க" என்றார்.

தர்ஷிகா தானே பொத்தான் போட ஆரம்பித்தது. முதல் பொத்தான் இரண்டாம் ஓட்டையில் போய், சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். சிவனாண்டி தொடவில்லை. அன்று சாயங்காலம் பாண்டீஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு போட்ட லட்சணம்?" என்றார்.

"நாந்தான்" என்றது பிள்ளை.

அவர் உள்ளே போனார். அன்றுதான் முதல்முறையாக எனக்கும் ஒரு டம்ளர் டீ வந்தது.

மேடம் வந்த அன்று

பங்குனிக் கடைசியில் எழுத்துகள் சேர்ந்து வார்த்தையாகத் தொடங்கின. மரம், படம், பழம், பட்டம். நான் போனில் மேடத்திடம் கொஞ்சம் அதிகமாகவே பெருமையடித்துவிட்டேன். அவர் நேரில் பார்க்க வந்துவிட்டார்.

அன்று பார்த்து மாவுக்கட்டுப் பிரிக்கச் சிவனாண்டி தேனிக்குப் போயிருந்தார். பரவாயில்லை, பிள்ளைகள் இருக்கிறார்களே என்று வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தேன். மேடம் அன்பாகச் சிரித்து, "ப" அட்டையைக் காட்டினார்.

"குட்டீஸ், இது என்ன எழுத்து?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. மேடத்தின் முகத்தையே பார்த்தார்கள்.

"இது?"

ஒரு பையன் மேடத்தைப் பார்த்து, 'ம், மேலே சொல்லுங்கள்' என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"என்னண்ணே, போன்ல அப்பிடிச் சொன்னீங்க? ஒரு எழுத்துகூடத் தெரியலையே?"

நான் தர்ஷிகாவைப் பார்த்தேன். அதன் கண்ணெல்லாம் ஆவல். உதட்டை இறுக்கிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. கூச்சத்தோடு, யாருக்கும் கேட்காத மாதிரி, "ஒரு தரம்" என்றேன். பிள்ளைகளுக்கு முதுகு நிமிர்ந்தது.

"ரெண்டு தரம்."

"ப!" என்று அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தியதில் மேடத்தின் கையிலிருந்த அட்டைக்கட்டு முழுவதும் சிதறியது. அவர் பொறுக்குவதற்குள் விழுந்த அட்டைகளுக்கெல்லாம் ஏலம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இத நான் ரிப்போர்ட்ல எப்பிடிண்ணே எழுதுவேன்? அது கிடக்கட்டும். ஒண்ணாப்பு டீச்சர் ஏலம் போட மாட்டாங்களே" என்றார்.

திருப்பூர் மாமாவும் போட மாட்டார். திருவிழாவுக்குச் சில வாரம்தான் இருந்தது.

ஊன்றுகோலோடு வந்து இறங்கிய சிவனாண்டியிடம் சொன்னேன். "இப்பத்தான அண்ணே எனக்கு ஒரு தொழிலு கெடச்சது" என்று வருத்தப்பட்டார். ஆனால் செய்தார். சத்தத்தை முணுமுணுப்பாக்கினார். முணுமுணுப்பை விட்டுவிட்டு விரலைக் காட்டினார். பிறகு ஒரு புருவம், இரண்டு புருவம். கொஞ்ச நாள் புருவத்தாலேயே ஏலம் நடந்தது. கடைசியில் அதையும் விட்டுவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான்.

ஒட்டகம்

திருவிழாவுக்குத் திருப்பூர் மாமா வந்தார். நல்ல மனிதர்; குரலும் மெதுவான குரல். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் வீரபாண்டிக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றி இறக்கி, மதியம் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள்.

தர்ஷிகா தானே கை கழுவிக்கொண்டு வந்தது, தட்டை எடுத்தது, சாப்பிட்டது, தட்டைக் கழுவிக் கவிழ்த்தது. மாமா கவனித்துக்கொண்டேதான் இருந்தார்.

"மருமகளே, என்னடா சடை ஒண்ணு மேக்க பாக்குது, ஒண்ணு கெழக்க பாக்குது?"

"நானே போட்டேன் மாமா."

"அப்பச் சரிதான்." திருவிழாக் கடையில் வாங்கிய மிருகப் படப் புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். "உங்கம்மா ஏதோ வாசிப்பேன்னு சொன்னா. படத்தப் பாத்துன்னா எந்தப் பிள்ளையும் சொல்லும். இதச் சொல்லு பாப்போம்." ஒரு பக்கத்தை விரித்து, படத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். கீழே வார்த்தை மட்டும் தெரிந்தது.

பிள்ளை பார்த்தது. பேசவில்லை.

சிவனாண்டி கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

இன்னும் பேசவில்லை. பிள்ளையின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை.

மாமா பெருமூச்சு விட்டார். விரலை எடுக்கப் போனார்.

"ஒட்..." என்றது ஒரு குரல். பாண்டீஸ்வரி! இத்தனை நாளும் புருஷனைத் திட்டிய பாண்டீஸ்வரி. தாங்க முடியாமல் வந்துவிட்டது.

"ஏய்ய்! பேசாதடீ! பிள்ளை வாசிக்குதுல்ல!"

சிவனாண்டி மண்டிக்குரலை மொத்தமாக அவிழ்த்துவிட்டார். கோழிகள் கூரைக்குப் பறந்தன. மாமா புத்தகத்தைக் கீழே போட்டார். இடம் தவறிப்போய்ப் பிள்ளை முழித்தது. பாண்டீஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா புத்தகத்தை எடுத்து மறுபடி விரித்து, விரலை வைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து காத்திருந்தோம்.

"ஒ... ட்... ட... ஒட்ட... க... ம். ஒட்டகம்."

தலையை நிமிர்த்திக் கேட்டது: "அப்படின்னா என்ன மாமா?"

மாமா புத்தகத்தைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டார். "தெரிஞ்ச பேரா இருந்தா ஒப்பிச்சிருச்சும்பேன். தெரியாததையும்ல வாசிக்குது" என்றார் தங்கையிடம்.

பாண்டீஸ்வரி கையை வாயிலிருந்து எடுத்தார். "அண்ணே, நீங்க மட்டும் பஸ் ஏறுங்க. பிள்ளை இங்கனயே படிக்கட்டும்."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன். ஆனா வருசா வருசம் வந்து கேப்பேன் மாப்ள."

"வாங்க மச்சான். எப்ப வேணாலும் வாங்க" என்றார் சிவனாண்டி. பிறகு என் பக்கம் திரும்பி, உத்தரவு கேட்கிற மாதிரி, "அண்ணே, இப்பப் பேசலாமா?" என்றார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் நான் இப்போது பிள்ளையை முதலில் பார்ப்பதில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பெரும்பாலும் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவராக இருப்பார். அவரைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வைப்பதுதான் நம் வேலை. கிட், அட்டை, ரிப்போர்ட் எல்லாம் அதற்கு அப்புறம். அவரை அதட்டி நிறுத்த முடியாது. நானும் தண்ணீர், துண்டு எல்லாம் செய்து பார்த்தவன். அவர் பார்க்கிற தொழிலில் அவரே சும்மா நிற்கிற இடம் ஒன்று இருக்கும். எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. சமைக்கிறவருக்குச் சோறு வேகிற நேரம், மருந்தடிக்கிறவருக்குக் காற்று வீசுகிற நேரம். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

"பேசு தம்பி" என்றேன்.

பேசினார். ஒட்டகத்தை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர், ஒட்டகத்தை வளர்த்து விற்றவர் மாதிரி பேசினார். முதுகில் இருப்பது தண்ணீர் என்றார், மாமா இல்லை என்றதும் கொழுப்பு என்றார், பிறகு இரண்டும் என்றார். யாரும் அவரை நிறுத்தவில்லை. பிள்ளை "ம்" கொட்டிக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பியது. புதுப் படம் வந்தது. அது தன்னுடைய கட்டைவிரலை எடுத்து, அந்தப் படத்தின்மேல் வைத்து மறைத்துக்கொண்டது.